ஏழைகளுக்காகத் தூது போன வெள்ளைக்காரர்

1914-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி. தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பன் துறைமுகம். இந்தியாவில் இருந்து புறப்பட்டு வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் கப்பலை விட்டு இறங்கினார்கள். ஒருவர் சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸ். மற்றவர் அவருடைய நண்பர் பியர்சன்.

வரவேற்க வந்தவர்களில் காந்தி யார் என்று ஆண்ட்ரூஸ் விசாரித்தார். மொட்டைத் தலையும் முரட்டுத் துணியும் செருப்பில்லாத காலுமாக நின்ற ஒருவரைக் காட்டினார்கள். போராட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர்களுக்காகக் காந்திஜி துக்கம் காத்த நேரம் அது. ஆண்ட்ரூஸ் சட்டென்று குனிந்து அவருடைய காலைத் தொட்டு வணங்கினார்.

ஒரு வெள்ளைக்காரர், அதிலும் ஒரு பாதிரியார், இந்தியரின் காலைத் தொடுவதா என்று அங்கிருந்த வெள்ளையர்களுக்கு ஆத்திரம் பொங்கியது. சமரசம் பேச வந்தவர் முதல் நாளிலேயே ஒரு தரப்பாரின் கோபத்துக்கு ஆளாகிவிட்டார். ஆனாலும் அதே மாதத்தில், அந்தத் தரப்பின் பெரிய மந்திரி அவரை நம்பிப் பேசினார். அதுதான் ஆண்ட்ரூஸ்.

வீட்டில் கற்ற பாடம்

இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நியூகாசில் நகரில் 1871-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி பிறந்தவர் ஆண்ட்ரூஸ். வளர்ந்தது பர்மிங்காமில். தகப்பனார் மத போதகர். வீடு நிறையப் பிள்ளைகள். தாயாரின் சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய குடும்ப நண்பர் ஒருவர், அதை முழுவதும் அழித்துவிட்டார். குடும்பம் வறுமையில் விழுந்தது. ஆனால் தகப்பனார் அந்த மனிதரைச் சபிக்கவில்லை. அவருக்காகப் பிரார்த்தனை செய்தார். சிறுவன் ஆண்ட்ரூஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேம்பிரிட்ஜில் படித்து, லண்டனில் ஏழைகள் வாழும் பகுதியில் ஊழியம் செய்துவிட்டு, 1904-ல் டெல்லிக்கு வந்தார். செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியர் வேலை. 1906-ல் அந்தக் கல்லூரியின் முதல்வர் பதவி காலியானபோது, ஆங்கிலேயர் என்பதால் அது அவருக்கு வந்திருக்கக்கூடும். சுசீல் குமார் ருத்ரா என்ற இந்தியருக்குத்தான் அது சேர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ருத்ரா முதல்வர் ஆனார்.

ஒரு சொல்லுக்காக ஒரு இரவு

தென்னாப்பிரிக்காவில் அப்போது என்ன நடந்தது? ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணம் செல்லாது என்று 1913-ல் கோர்ட்டுத் தீர்ப்பு வேறு. அந்த ஆண்டு அக்டோபரில் நேட்டால் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். நவம்பரில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெண்டு பிள்ளைகளோடு எல்லை தாண்டி நடந்தார்கள். போராட்டம் தொடங்கிய சுரங்க ஊரின் பெயரும் நியூகாசில்தான்!

நிலைமையை அறிந்த கோகலே, ஆண்ட்ரூசைப் போய் வரும்படி கேட்டுக்கொண்டார். ஆண்ட்ரூஸ் தன் சேமிப்பை ஏற்கெனவே போராட்ட நிதிக்குக் கொடுத்துவிட்டிருந்தார். இப்போது தானே கிளம்பினார். சம்பளம் கிடையாது. சர்க்கார் பதவியும் கிடையாது.

பிரிட்டோரியாவில் ஜெனரல் ஸ்மட்சுடன் பேச்சு வார்த்தை நடந்தது. வெள்ளை ரெயில்வே தொழிலாளர்களின் வேலை நிறுத்தத்தால் ஸ்மட்ஸ் திணறிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நெருக்கடியைப் பயன்படுத்திக்கொள்ள மாட்டேன் என்று காந்திஜி தன் அடுத்த போராட்டத்தை ஒத்திவைத்தார். அதனால் நல்லெண்ணம் பிறந்தது. ஆனால் எழுத்து என்று வரும்போது ஒரு வாசகத்தில் முட்டியது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இதற்கிடையே கஸ்தூரிபாயின் உடல்நிலை மோசம் என்று தந்தி வந்தது. ஒப்பந்தம் முடியாமல் போக மாட்டேன் என்றார் காந்திஜி.

நள்ளிரவு தாண்டியும் பேசினார்கள். அந்த வாசகத்துக்குப் பதிலாக வேறொன்றை ஆண்ட்ரூஸ் சொன்னார். காந்திஜி யோசித்துச் சம்மதித்தார். பொழுது விடிந்ததும் ஆண்ட்ரூஸ் தனியாக ஸ்மட்சிடம் போய் அதைக் காட்டினார். ஸ்மட்சும் ஏற்றுக்கொண்டார். அந்த ஜனவரியிலேயே தற்காலிக உடன்பாடு ஏற்பட்டது. நடுவில் சட்டமும் வந்து, 3 பவுன் வரி ஒழிந்தது. இந்தியர்களின் கல்யாணங்களும் செல்லுபடியாயின.

இதை ஆண்ட்ரூசின் வெற்றி என்று மட்டும் சொன்னால், சுரங்கத்தை விட்டு வெளியேறிச் சிறைக்குப் போனவர்களுக்கு அநியாயம் செய்ததாகும். ஸ்மட்சைப் பேச வரவழைத்தது அவர்கள்தான். பேச்சு முறிந்துவிடாமல் காத்தது ஆண்ட்ரூஸ். அந்த நாட்களில்தான் இங்கிலாந்தில் அவருடைய தாயார் இறந்துவிட்ட செய்தியும் வந்தது. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பீஜியின் கரும்புத் தோட்டங்கள்

மறு ஆண்டே ஆண்ட்ரூசும் பியர்சனும் பீஜித் தீவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1879 முதல் 1916 வரை 60 ஆயிரத்துக்கும் அதிகமான இந்தியர்கள் அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். 1903 முதல் சென்னையில் இருந்தும் ஆட்களை ஏற்றினார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். கொடுத்த வேலையை முடிக்காவிட்டால் சிறை. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் அனுப்பியதால், குடும்பம் என்பதே சீர்குலைந்தது. தற்கொலைகள் மலிந்தன.

இருவரும் கூலி லயன்களுக்குள் போய்ப் பார்த்தார்கள். தோட்டத் துரைகளிடமும் பேசினார்கள். கண்டதையெல்லாம் அறிக்கையாக எழுதி 1916-ல் வெளியிட்டார்கள். ஒப்பந்த முறையை ஒழிப்பதாக அந்த ஆண்டு மார்ச்சில் வைசிராய் ஹார்டிஞ்ச் ஒத்துக்கொண்டார். ஆனால் இன்னும் ஐந்து ஆண்டு இழுக்கலாம் என்ற ரகசிய ஏற்பாடு பின்னால் இருந்தது. ஆண்ட்ரூஸ் அதை அம்பலப்படுத்தினார். நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. 1917-ல் ஆள் சேர்ப்பு நின்றது. அதே ஆண்டு மறுபடியும் பீஜிக்குப் போனார். 1920 ஜனவரி 1-ந் தேதி, மீதி இருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

போன இடமெல்லாம் ஜெயித்தார் என்று எண்ணிவிட வேண்டாம். கென்யாவில் இந்தியர்களின் உரிமைக்காகப் பேசப் போனவரை, 1921-ல் ரெயிலில் வெள்ளைக் குடியேறிகள் அடித்தார்கள். 1923-ல் பிரிட்டிஷ் சர்க்கார் எடுத்த முடிவில், கென்யாவின் மேட்டு நிலங்கள் வெள்ளையருக்கே என்று ஆயிற்று. 1921 மே மாதம், அசாம் தேயிலைத் தோட்டங்களை விட்டு ஊர் திரும்பப் புறப்பட்ட தொழிலாளர்கள் சாந்த்பூரில் சிக்கிக்கொண்டார்கள். (இப்போது அந்த ஊர் வங்காளதேசத்தில் இருக்கிறது.) ஸ்டேஷனில் படுத்துக் கிடந்தவர்களைச் சிப்பாய்கள் அடித்து விரட்டினார்கள். காலரா பரவியது. அவர்களை ஊருக்கு அனுப்பும் செலவை ஏற்கும்படி ஆண்ட்ரூஸ் சர்க்காரிடம் மன்றாடினார். நடக்கவில்லை. திரும்பி வந்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்.

ஜாம்ஷெட்பூரில்

வேலை தேடி வெளி மாநிலம் வந்தவர்களுக்கு ஜாம்ஷெட்பூர் கதை நெருக்கமானது. பல மாகாணத்து மக்கள் கூடி வேலை செய்யும் ஊர் அது. அங்கிருந்த தொழிலாளர் சங்கத்தைக் கம்பெனி ஏற்க மறுத்தது. சங்கச் செயலாளரின் வேலை போயிருந்தது. சங்கத்தின் தலைவர் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூஸ், 1925 ஆகஸ்டில் காந்திஜியை அங்கே வரவழைத்தார். ஆர்.டி. டாட்டாவுடன் பேச்சு நடந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. செயலாளருக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது.

தூதர் எத்தனை நாள் ஓர் ஊரில் தங்க முடியும்? அவர் கப்பல் ஏறிவிட்டால் மறுபடி யார் பேசுவது? பேசுவதற்கு ஒரு சங்கம் இருந்தால், அவர் போன பிறகும் வேலை நடக்கும். ஜாம்ஷெட்பூரில் அவர் செய்ததில் இதுவே பெரியது என்று தோன்றுகிறது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாந்திநிகேதனில் தாகூரின் ஆசிரமமே வீடு. மக்கள் அவரை தீனபந்து, அதாவது ஏழைகளின் உறவினர் என்று அழைத்தார்கள். 1932-ல் எரவாடா சிறையில் காந்திஜி உண்ணாவிரதம் இருந்தபோது, லண்டனில் மந்திரிகளின் வாசல்களில் ஏறி இறங்கியவரும் இவர்தான். ஆங்கிலேயர் என்பதால் அந்தக் கதவுகள் அவருக்குத் திறந்தன. அது அவருக்கும் தெரியும். திறந்த கதவைத் தனக்காக ஒருமுறையும் பயன்படுத்தவில்லை.

1940 ஏப்ரல் 5-ந் தேதி கல்கத்தா ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. 1971-ல் நூற்றாண்டையொட்டித் தபால் தலை வெளியிட்டார்கள். லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. இப்போது அந்தச் சாலைக்கு ஜகதீஷ் சந்திர போஸ் பெயர்.