ஸிங்கப்பூரை எழுப்பிய தமிழர்

அரும்பாவூர்ச் சிற்பிகள் மரத்திலே தெய்வங்களைச் செதுக்கிப் புகழ் பெற்றவர்கள். கடல் கடந்த ஸிங்கப்பூரில், மரத்தாலும் கீற்றாலும் அம்மனுக்குக் கோயில் எழுப்பிய ஒரு தமிழரை அவ்வூரார்க்கும் மற்றையோர்க்கும் இன்று நினைவூட்ட விரும்புகிறோம்.

அவர் நாராயண பிள்ளை. பினாங்கில் வசித்த அவர், 1819 மே மாதத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபிள்ஸ் துரையுடன் ஸிங்கப்பூர் சேர்ந்தார். முதலில் கஜானாவில் குமாஸ்தா வேலை பார்த்தார். குடியேறுவோருக்கு வீடுகள் வேண்டியிருப்பதைக் கண்டு, பினாங்கிலிருந்து தொழிலாளரை வரவழைத்துச் செங்கற்சூளை வைத்தார். கட்டட வேலைகளை ஏற்று நடத்தினார். ஜவுளி வர்த்தகமும் செய்தார். 1822-இல் கடை தீக்கிரையாயிற்று, கடன் சூழ்ந்தது. அவர் மனந்தளரவில்லை, மீண்டும் தலைதூக்கினார்.

தமிழர் வழிபடக் கோயில் வேண்டுமென்று முயன்றார். முதலிற் கிடைத்த நிலத்தில் நல்ல தண்ணீர் இல்லை. 1823-இல் வேறு நிலம் கிடைத்தது. 1827-இல் ஸ்ரீ மாரியம்மன் கோயில் எழுந்தது. புதிதாக வந்திறங்கிய தமிழருக்கு அது புகலிடமுமாயிற்று.

ராபிள்ஸ் அவருக்கு உதவியதை நாம் மறுக்கவில்லை. ஆனால் துரை வரைந்த நகரத்துக்குச் செங்கல் சுட்ட கைகள் எவருடையவை?

2019-இல், இருநூறாம் ஆண்டு நினைவாக, ராபிள்ஸ் சிலையருகே பிள்ளையின் சிலையும் நிறுத்தப்பட்டது. சில நாட்களில் அது அகற்றப்பட்டது. துரையின் சிலை நிலைத்தது. எனினும் பிள்ளை அமைத்த கோயில், பின்னாளில் செங்கற் கட்டடமாகி, இன்றும் நிற்கிறது. அதுவே அவருக்குப் போதிய சாஸனம். அதைப் படித்தறிவது நம் கடமை.