வெட்டும் விழியும்

ஒளிப்படம் கலையன்று, கருவியின் வேலையே என்று பலர் கருதிய காலத்தில், அதனைக் கலையாக நிலைநாட்ட வாழ்நாள் முழுதும் உழைத்தவர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். 1864ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹோபோக்கன் நகரில் பிறந்த இவர், பொறியியல் கற்கப் பெர்லின் சென்று, அங்கே ஒளிப்பட வேதியியலில் ஈடுபாடு கொண்டார்.

1893 பிப்ரவரியில், நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில், கொட்டும் பனியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் காத்து நின்றார். குதிரை வண்டியொன்று பனியைக் கிழித்து எதிரே வந்த கணத்தில் படமெடுத்தார். தெளிவற்ற அத்தகட்டை எறிந்துவிடுமாறு நண்பர்கள் கூறினர். அவரோ ஓரங்களை நீக்கி, வண்டி மேலோங்கித் தோன்றுமாறு பெரிதாக்கி அச்சிட்டார். கையில் ஏந்தும் கருவியால் ஓடும் தெருவை அளந்து நிறுத்த இயலாது. ஆதலின், அச்சில் எப்பகுதி எஞ்சவேண்டும் என்பதை எடுக்கும்போதே எண்ணிப் படமெடுப்பது அவர் வழக்கமாயிற்று.

பின்னாளில் அம்முறையும் மாறியது. 1922 முதல் மேகங்களைப் படமெடுத்த அவர், பெரிதாக்காமல் எதிர்ப்படத்தின் அளவிலேயே அச்சிட்டார். காட்சியைக் கருவிக்குள்ளேயே முழுமையாக்கினார். 1924இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவருடைய 27 படங்களைத் தன் கலைச்செல்வத்துள் சேர்த்துக்கொண்டது. 1946இல் அவர் மறைந்தபோது, ஒளிப்படம் கலையா என்னும் ஐயம் பெரிதும் நீங்கியிருந்தது.