டாக்டர் சோமர்வெல்

குளிரினால் உடலுக்கு நேரும் தீங்குகளைப் பற்றி வெப்ப நாட்டினராகிய நாம் சிந்திப்பது அரிது. மார்கழி, தை மாதங்களில் ஜவ்வாது மலைக்குச் செல்வோர் இரவிலே கம்பளியை நாடுவர். ஆயினும் கைகால் உறைந்து கெடும் குளிர் அங்கில்லை. அம்மலைக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலே 1949 முதல் 1961 வரை அறுவை வைத்தியம் போதித்த ஒரு பெரியாரோ, அத்தகைய கொடுங்குளிரை உலகின் மிகவுயர்ந்த மலையிலே நேரிற் கண்டவர். அவரே டாக்டர் தியோடர் ஹோவர்டு சோமர்வெல்.

இவர் 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், இங்கிலாந்தில் கெண்டல் என்னும் ஊரிலே, பாதரட்சைத் தொழில் நடத்திய குடும்பத்திற் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் பயின்று அறுவை வைத்தியரானார். முதல் உலகப் போரின்போது, 1916-இல், பிரான்சு நாட்டில் சோம் நதிக்கரைப் போரிலே காயமுற்றோர்க்குச் சிகிச்சை செய்தார். அப்போரில், சேறும் நீரும் நிறைந்த அகழிகளில் நாட்கணக்காய் நின்ற வீரர் பலருக்குப் பாதம் மரத்து, வீங்கிப் புண்ணாயிற்று. நீர் உறையாத குளிரேயாயினும், ஈரத்தோடு கூடினால் உடலைக் கெடுக்கும் என்பதற்கு அந்நோய் சான்றாகும். பாதத்தை உலர்த்தி, உலர்ந்த காலுறை மாற்றிக்கொள்வதே அதற்குக் காப்பு.

மலையேறுவதிற் பெருவிருப்புடைய சோமர்வெல், 1922-இல் எவரெஸ்ட் சிகரத்தை நாடிச் சென்ற கூட்டத்திற் சேர்ந்தார். மே 21-ஆம் நாள், அவரும் மல்லோரி, நார்ட்டன் என்போரும் பிராணவாயுக் கருவியின் உதவியின்றி 26,985 அடி உயரத்தை எட்டினர். அதற்குமுன் மனிதர் எவரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. ஆனால் குளிர் தன் வரியை வாங்காமல் விடவில்லை. நார்ட்டனுக்குக் காது கெட்டது. உடன் சென்ற மோர்ஸ்ஹெட் தம் விரல்நுனிகளை இழந்தார்.

இதனைப் பனிக்கடி என்பர். கடுங்குளிரில், நெஞ்சையும் மூளையையும் காத்தற்பொருட்டு உடலானது கைகால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. விரல், மூக்கு, காது முதலியன இரத்தமும் உஷ்ணமும் குன்றி உறைகின்றன; தசையிலுள்ள நீர் பனித்துகளாகிறது. முதலில் நோவும் பின்னர் மரப்பும் உண்டாகும். தோல் வெளுத்து மெழுகுபோலாகும். நோவு நின்றுவிட்டதென்று மகிழ்கிறவன் ஏமாந்து போகிறான். நோவு நின்ற அந்நேரமே பேராபத்து நெருங்கிய நேரம்.

அவ்வாண்டு ஜூன் 7-ஆம் நாள், சோமர்வெலும் பிறரும் மீண்டும் ஏறுகையில், பனிச்சரிவு ஒன்று சுமைதூக்கிச் சென்ற எழுவரைக் கொன்றது. வெள்ளையர் அனைவரும் பிழைத்திருக்கச் சுமையாளர் மட்டுமே மாண்டது அவர் நெஞ்சை வாட்டியது. அதன்பின் அவர் இந்திய நாட்டைச் சுற்றிப் பார்க்கையில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நோயாளிகள் திரண்டிருக்க, வைத்தியர் குறைந்திருக்கக் கண்டார். லண்டனில் தமக்குக் காத்திருந்த பதவியையும் பொருளையும் துறந்து, 1923-இல் அங்கே பணியேற்றார்.

1924-இல் மீண்டும் எவரெஸ்ட் சென்றபோது, நான்கு சுமையாளர் சுமார் 23,000 அடி உயரத்திலே பனிமழையிற் சிக்கிக்கொண்டனர். மல்லோரி, நார்ட்டன், சோமர்வெல் ஆகிய மூவரும், சிகரத்திற்கென்று சேமித்த வலிமை குறையுமென அறிந்தும், அவர்களை மீட்கச் சென்றனர். கயிறு எட்டாத இடத்தில் இருவர் சறுக்கவே, சோமர்வெல் தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, அதன் நுனியை ஒரு கையிற் பற்றி, மறுகையால் அவர்களை எட்டிப் பிடித்துக் காத்தார். நால்வரும் உயிர் பிழைத்தனர். ஆயினும் அக்கூட்டத்திலே பாதரட்சை செப்பனிடும் பணி செய்த மான் பகதூர் என்பார், தம் பாதங்கள் பனிக்கடியுற்று உயிர் துறந்தார். பிறர் காலைக் காத்தவர் தம் கால் கெட்டு மாண்டது எத்துணை அவலம்!

ஜூன் 4-ஆம் நாள் சுமார் 28,000 அடியிலே, குளிர்ந்துலர்ந்த காற்றால் தொண்டை புண்பட்ட சோமர்வெல் மேலே செல்லவியலாது நின்றார். இறங்கும்போது தொண்டையடைத்து மூச்சு நின்றது. முன்சென்ற நார்ட்டனைக் கூவி அழைக்கவும் குரலில்லை. சாவு வந்ததென்றே பனியில் அமர்ந்தவர், இறுதியாக இரு கையாலும் மார்பை அழுத்தவே, அடைப்பு வெளியேறிற்று. அது பனிக்கடியுற்று உரிந்த அவருடைய தொண்டையின் உட்சவ்வே!

பனிக்கடியுற்ற இடத்தைப் பனியால் தேய்க்கும் பழைய வழக்கம் தீங்கானது. மீண்டும் உறையும் அபாயமில்லாத இடத்திற்குக் கொண்டுசென்று, 37 முதல் 39 பாகை செண்டிகிரேடு வெந்நீரில் அவ்வுறுப்பை அமிழ்த்துதல் வேண்டும். தேய்த்தலும் கொப்புளத்தை உடைத்தலும் ஆகா. நெருப்பருகே காட்டுதலும் ஆகாது. மரத்த தோல் சுடுவதை அறியாது வெந்துபோகும். விரைந்து வைத்தியரை அடைதல் நன்று. வருமுன் காப்பதோ எளிது: உலர்ந்த ஆடை, இறுக்காத பாதரட்சை, போதிய உணவும் நீரும், மதுவும் புகையும் விலக்கல்.

நம் மலைகளிற் பனிக்கடி இல்லையெனினும், குளிரிரவில் உடற்சூடு குறைதல் குழந்தைகட்கும் முதியோர்க்கும் ஆபத்தே. ஈர ஆடையைக் களைந்து போர்த்துதலும், சிசுவைத் தாயின் மார்போடு அணைத்தலும் அவர்களைக் காக்கும்.

நெய்யூரில் இருபதாண்டுகட்கு மேலும், பின்னர் வேலூரிலும் உழைத்த சோமர்வெல், 1975-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் தம் தாய்நாட்டில் மறைந்தார். சிகரத்தை அவர் எட்டவில்லை. ஆனால் பிறர் நோவைக் கண்டு மரத்துப்போகாத நெஞ்சுடையவராய் வாழ்ந்தார். மாணவர்காள், அவ்வுணர்ச்சி நம்மிடமும் உறையாதிருக்கக் கடவது.