உப்பு காட்டிய விதி

அடோல்ஃப் ஃபிக் 1829ஆம் ஆண்டு ஜெர்மனியின் காசல் நகரில் பிறந்தார். கணிதத்தை விரும்பிய அவர், அண்ணனின் அறிவுரையால் மருத்துவரானார். உடலின் சவ்வுகளில் கரைபொருள்கள் ஊடுருவுவதை ஆராய்ந்த அவர், குழாய் ஒன்றில் அடியிலுள்ள உப்பு மேலுள்ள தூய நீருக்குத் தானே பரவுவதை அளந்தார். செறிவு வேறுபாடு கூடக்கூடப் பரவலும் கூடும் என்னும் விதியை 1855இல் வெளியிட்டார். 1901இல் அவர் மறைந்தார்; விதி நிலைத்தது.

ஜொகூரின் சீலோங்கில் இருப்பது போன்ற நவீனக் குப்பைக் கிடங்குகளின் அடியில் நச்சுநீர் இறங்காமல் தடுக்க வேண்டும். அதற்கு இறுக்கிய களிமண் அடுக்கும் பயன்படுகிறது. களிமண் நீரோட்டத்தை ஏறக்குறைய நிறுத்திவிடும். ஆனாலும், அதன் நுண்துளைகளில் தேங்கிய நீரின் வழியே கரைந்த நச்சு மெல்லப் பரவும். அது நிலத்தடி நீரை அடைய எத்தனை ஆண்டுகள் ஆகும்? அடுக்கின் தடிமன் எவ்வளவு வேண்டும்? பொறியியலாளர்கள் இவற்றை இன்றும் அந்த மருத்துவரின் விதியைக் கொண்டே கணக்கிடுகின்றனர்.