தராசு பிடித்த கப்பலோட்டி

காலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று பேரப்பிள்ளை கேட்டால் கப்பல், செக்கு என்று இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவோம். அந்த இரண்டும் 1912-க்குள் முடிந்துபோன விஷயம். அதன் பிறகும் அவர் 24 வருஷம் வாழ்ந்தார், குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்தக் காலத்தைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப்போகிறேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1872 செப்டம்பர் 5-ல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், மகனும் வக்கீலானார். 1906-ல் பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு என்று சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடியது. 1908 மார்ச் 9-ல் நம் தாமிரபரணிக் கரைத் தைப்பூச மண்டபத்தில் பேசினார். மூன்றாம் நாள் கைது. மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் இறந்தார்கள். ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்தது இரட்டை ஆயுள் தண்டனை, கணக்குக்கு 40 வருஷம். அந்தச் செய்தி கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது. பாடப்புத்தகத்தில் இந்த வரி வருவதில்லை.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவருக்கு வயது 40. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. கம்பெனி கலைந்து, காலியா என்ற கப்பலை எதிரிக் கம்பெனிக்கே விற்றுவிட்டிருந்தார்கள். வீட்டில் மனைவி மீனாட்சி அம்மாளும் சின்னப் பிள்ளைகளும்.

சென்னைக்குப் போனார். மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். கப்பல் வாங்கப் பங்கு சேர்த்தவர் படி அளந்து கொடுக்க உட்கார்ந்தார். கப்பல் ஓட்டியதைவிட இதுதான் எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. அங்கே ஊரே கூட நின்றது, இங்கே வீட்டுக்காரியைத் தவிர யாரும் இல்லை. ஆனால் வியாபாரம் கைகொடுக்கவில்லை.

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகப் பணம் வசூலித்துக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். காந்தி 1915-ல் இந்தியா திரும்பியதும் அந்தப் பணத்துக்காக வ.உ.சி. கடிதம் எழுதினார். பதில் வரும், பணம் வராது. மறுபடி எழுதுவார். 1916-ல்தான் 347 ரூபாய் 12 அணா கைக்கு வந்தது. கேட்பதற்குக் கூச்சமாக இருந்திருக்காதா என்று நீங்கள் நினைக்கலாம். வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்கும்போது கூச்சத்துக்கு எங்கே இடம்?

பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். சிறைக்கு அனுப்பியவரும் ஓர் ஆங்கிலேய நீதிபதிதான் என்பதை அவர் மறந்திருக்க மாட்டார். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு.

கோவில்பட்டியில் மறுபடி வக்கீல் தொழில் செய்தார், கடைசியில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். இத்தனை நெருக்கடியிலும் தமிழை விடவில்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும் பதிப்பித்தார். ஜேம்ஸ் ஆலன் புத்தகங்களைத் தமிழாக்கினார். பழைய உரைகளைப் பதிப்பித்து அந்தக் காலத்தில் யார் பணக்காரர் ஆனார்கள்? வருமானத்துக்காகச் செய்த வேலை அல்ல அது.

1936 நவம்பர் 18-ல், அவர் விருப்பப்படியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. அதற்கு முன் உயில் ஒன்று எழுதியிருந்தார். சொத்து விவரம் சொல்வதற்குத்தானே பொதுவாக உயில் எழுதுவோம்? அவர் உயிலில், கடைகளில் வாங்கிய பொருளுக்குத் தர வேண்டிய சில்லறைக் கடன்களும் கணக்காக எழுதப்பட்டிருந்தன.