தண்ணீருக்கு வாதாடிய தளபதி

மோகனூர்க் கரையில் நின்று பாருங்கள். காவிரி கண்ணெதிரே ஓடுகிறது. சில கல் தொலைவு தள்ளிப் போனால் நாமக்கல் மேட்டு நிலம் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கிடக்கிறது! பெய்கிற மழையைத் தேக்கினால் சோறு, தேக்காவிட்டால் பஞ்சம். வருண ஜெபத்தால் வயிறு நிறைந்தவர் எவருமில்லை, ஜெபித்தவரைத் தவிர!

இந்த உண்மையை, ஆளவந்த இனத்திலே பிறந்த ஒருவர் தம் அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னார். அவர்தான் ஆர்தர் காட்டன். 1803-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1821-ல் படைப்பிரிவுப் பொறியாளராகச் சென்னை வந்தவர். பர்மாப் போருக்கும் போனார். அது நமக்கு வேண்டாம். தஞ்சையிலே அவர் கண்டது என்ன? வெள்ளம் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குப் போகிறது. வயலுக்குப் பாயவேண்டிய காவிரியோ மணல்மேடிட்டுக் கிடக்கிறது!

சீமையில் படித்த பொறியாளர் யாரிடம் பாடம் கேட்டார்? தமிழனிடம்! ஆம், கல்லணை கட்டிய கைகளிடம்! அடிகாண முடியாத மணலிலே அணை நிற்குமா என்ற கேள்விக்குக் கல்லணை பல நூற்றாண்டுகளாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கற்றார், கற்றதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். 1836-ல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. மோகனூரைக் கடந்து வரும் நீர் கொள்ளிடத்துக்குத் தப்பாமல் தஞ்சைக்குத் திரும்பிற்று. அதே பாடம் 1852-ல் கோதாவரியில் தவளேசுவரம் அணையாயிற்று. ஆந்திரர் சிலை வைத்துப் போற்றுகின்றனர்.

அத்தோடு நின்றிருந்தால் அரசு மெச்சியிருக்கும். அவரோ கணக்குக் கேட்டார்! இருப்புப்பாதைக் கம்பெனிகளுக்கு நூற்றுக்கு 5 வட்டி உறுதி. லாபம் வராவிட்டால் வரிகொடுக்கும் இந்தியன் கட்டவேண்டும். வாய்க்காலுக்கென்றால் கஜானா காலி! அந்தப் பணத்தைத் தண்ணீரில் போடுங்கள், விளைச்சலும் வரும், படகும் ஓடும் என்று வாதாடினார். தனியார் முதலும் தண்ணீருக்கு வரட்டும் என்று முயன்றார். கர்னூல் – கடப்பைக் கால்வாய்க் கம்பெனி பிறந்தது, நொடித்தது. 1882-ல் அரசே வாங்கிற்று. எதிரிகள் கைகொட்டினர். அதிலே நியாயம் இல்லாமலில்லை; செலவுக் கணக்கிலே அவர் எப்போதும் நம்பிக்கை மிகுந்தவர்.

ஆனால் சேலம் என்ன சாட்சி சொல்லிற்று? 1860-களின் தொடக்கத்திலேயே ரயிலைக் கண்ட மாவட்டம் இது. 1876-ல் மழை பொய்த்தது. 1877 சனவரி முதல்நாள் டில்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்தினார். இங்கே தெருவிலே பிணம்! ரயிலில் தானியம் வந்தது. வாங்கத்தான் ஏழையிடம் காசில்லை. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேலிருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881-ல் ஏறத்தாழ 16 லட்சம். செத்தவரும் ஊர்விட்டுப் போனவரும் சேர்ந்த கணக்கு அது. கோதாவரி பாய்ந்த வயல்களிலோ அப்போதும் நெல் விளைந்தது.

1878-ல் 75 வயதுக் கிழவராகப் பாராளுமன்றக் குழுவின் முன் நின்று மறுபடியும் அதையே சொன்னார். குழு அவர் பக்கம் சாயவில்லை. 1899-ல் மறைந்தார்.

மேட்டூர் அணை முடிய 1934 ஆயிற்று. அந்தத் தண்ணீரும் பெரும்பாலும் கீழே தஞ்சைக்குத்தான் போயிற்று. ராசிபுரமும் சேந்தமங்கலமும் இன்றும் மழையையும் ஏரியையும் கிணற்றையுமே நம்பி உழுகின்றன.