தீர விசாரித்த ஐடா டார்பெல்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் சொல்லிச் சென்ற பழமொழி. அதற்கு இலக்கணமாக வாழ்ந்து காட்டியவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஐடா டார்பெல் அம்மையார்.

இளமைப் பருவம்

ஐடா 1857ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். அவர் வளர்ந்த காலத்தில் மண்ணெண்ணெய் விளக்குகள் வீடுகளில் பரவின. அவருடைய தந்தை எண்ணெய் சேமிக்கும் மரத்தொட்டிகள் செய்தார். பின்னர் தாமே எண்ணெய்த் தொழிலில் இறங்கினார்.

1872ஆம் ஆண்டு அவர்கள் வாழ்வில் இடி விழுந்தது. ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தாரும் வேறு சில ஆலைக்காரர்களும் ரயில் நிறுவனங்களோடு இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி மற்றவர்களுக்குச் சரக்குக் கட்டணம் உயரும். இவர்களுக்கோ கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். மக்கள் கொதித்தெழுந்ததால் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் சிறு வியாபாரிகள் ஒவ்வொருவராக வீழ்ந்தனர். ஐடாவின் தந்தையும் கடனை அடைக்க வீட்டை அடகு வைக்க நேர்ந்தது. இரகசியத் திட்டம் வெளியானபோது ஐடாவுக்கு வயது 14. ஏறத்தாழ நம் வயதுதான்!

கல்வியும் பணியும்

அலெகெனி கல்லூரியில் 1880இல் பட்டம் பெற்றார். அவ்வகுப்பில் அவர் ஒருவரே பெண். சிறிது காலம் ஆசிரியையாகப் பணியாற்றியபின் பத்திரிகைத் துறைக்கு வந்தார். மக்ளூர்ஸ் என்னும் மாத இதழுக்காக ஆபிரகாம் லிங்கனின் வரலாற்றை எழுதியபோது, லிங்கன் வாழ்ந்த ஊர்களுக்கே சென்று முதியோரிடம் விசாரித்தார். பழைய ஆவணங்களையும் தேடிப் படித்தார். இந்தப் பயிற்சியே பின்னாளில் அவருக்குக் கை கொடுத்தது.

மாபெரும் பணி

ஸ்டாண்டர்டு ஆயிலின் வரலாற்றை எழுத அவர் முன்வந்தபோது தந்தையே அஞ்சினார். அந்த நிறுவனம் பத்திரிகையையே அழித்துவிடும் என்று தடுத்தார். ஐடா பின்வாங்கவில்லை. ஆனால் கோபத்தை எழுதுகோலில் ஊற்றவும் இல்லை.

ஊர்ப்பேச்சை அவர் நம்பவில்லை. வழக்குமன்றச் சாட்சியங்கள், காங்கிரஸ் சபையின் விசாரணை அறிக்கைகள், பழைய செய்தித்தாள்கள் ஆகியவற்றைத் தேடிப் படித்தார். 1872ஆம் ஆண்டுத் திட்டத்தைப் பற்றிய சிறுநூல் எங்குமே கிடைக்காதிருந்தது. நியூயார்க் பொது நூலகத்தில் ஒரு படியைக் கண்டெடுத்தார். எதிர்த் தரப்பையும் கேட்டார். நிறுவனத்தின் முக்கிய அதிகாரியான ரோஜர்ஸ் என்பவரைப் பலமுறை சந்தித்து, அவர் சொன்னவற்றை ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

ஒரு நிகழ்ச்சி வியப்பூட்டுவது. அந்த நிறுவனத்தின் அலுவலகம் ஒன்றில் பழைய தாள்களை எரிப்பது ஒரு சிறுவனின் வேலை. அவற்றில் தன் ஞாயிறு பள்ளி ஆசிரியரின் பெயர் அடிக்கடி வருவதை அவன் கண்டான். அவ்வாசிரியர் ஒரு சிறு எண்ணெய் வியாபாரி. அவர் அனுப்பும் சரக்கு விவரங்களை ரயில் ஊழியர்கள் இரகசியமாக நிறுவனத்துக்குத் தெரிவித்து வந்தனர்! அத்தாள்கள் ஆசிரியர் வழியாக ஐடாவின் கைக்கு வந்தன. நெருப்புக்குப் போக வேண்டியவை நீதிக்குச் சாட்சியாயின.

1902 நவம்பர் முதல் 1904 வரை 19 கட்டுரைகள் வெளிவந்தன. ராக்பெல்லரின் திறமையையும் நிர்வாகச் சிறப்பையும் அவர் மறைக்காமல் பாராட்டினார்; முறைகேட்டை மட்டுமே கண்டித்தார். ஆனால் 1905இல் ராக்பெல்லரின் தோற்றத்தையும் குறை கூறி எழுதினார். அது நிலவில் களங்கம் போன்றது. அவரும் மனிதப் பிறவிதானே!

விளைவு

1906இல் அரசு அந்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 1911 மே 15ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதைப் பிரிக்கும்படி தீர்ப்பளித்தது. ஒரே நிறுவனம் 34 நிறுவனங்களாயிற்று. ஐடா அம்மையார் 1944 ஜனவரி 6ஆம் நாள் தமது 86ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அன்புத் தோழியரே! வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனால், உடனே ஒருத்தியின்மேல் பழி போட்டுவிடுகிறோம். நானும் ஒருமுறை அவ்வாறு பேசினேன். மறுநாள் பேனா என் பைக்குள்ளேயே கிடைத்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அவள் முகம் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. தந்தையின் துயரத்தைக் கண்ணால் கண்டிருந்தும், சான்று கிடைக்கும்வரை பொறுத்திருந்தார் ஐடா. நாமும் ஒரு பழிச்சொல் நாவில் எழும் முன் தீர விசாரிப்போம். உண்மை தெரிந்தபின் அஞ்சாமல் உரைப்போம்.

பத்தாம் வகுப்பு மாணவி